கடைசி ரீலில் வெடிச்சத்தம்

வித்துரா மேல் எஸ்டேட்
8 டிசம்பர் 1953

மூத்த அக்காள் ரத்னாபாய்க்குத் தம்பி சத்தியநேசன் தோத்திரம் சொல்லி எழுதுவது.

எழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே அடுப்பில் போடத் தோன்றும். போடுமுன் ஒரு காரியம் கேளுங்க. இது எனக்காக அல்ல, ஆபீஸ் காரியம்.

இங்கே துரைமார் கிளப்பில் புதுசாக சினிமா மிஷீன் வாங்கியிருக்கிறார்கள். பாக்டரி எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த என்னை அதை ஓட்டப் போட்டிருக்கிறார்கள். மாசத்தில் முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு இங்கிலீஷ் படம். கிளப் வராந்தாவில் வெள்ளைத்துணி கட்டுவோம். துரைமாரும் துரைசானி அம்மாமாரும் உள்ளே நாற்காலியில் இருப்பார்கள். லயத்துக் கூலிக்காரர் துணிக்குப் பின்பக்கம் முற்றத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு எல்லாம் இடம்வலம் மாறித் தெரியும். எங்கள் லயத்துப் பிள்ளைகள் விளையாட்டில் இடதுகையால்தான் துப்பாக்கி உருவுகிறார்கள்.

திருவனந்தபுரம் பிலிம் டிப்போவுக்கு எழுதிப் படம் வரவழைக்கிறது சூப்பர்வைசர் அழகியநம்பி சார். வெறும் பெயரை வைத்து எது நல்லது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. போன சனிக்கிழமை வந்த படம் முழுக்க முத்தம். சின்ன துரை உறங்கிவிட்டார். இனிமேல் குதிரைக்காரன் படம்தான் வேண்டும், வெடி நிறைய வேண்டும் என்கிறார் சார். உங்க மகன் திரவியம் சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறதால் நீங்க எல்லா இங்கிலீஷ் படமும் பார்ப்பீர்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "அப்போ அவங்களையே கேளு. எந்தப் படம், வெடி எந்த ரீலில், எவ்வளவு நேரம் விடாமல் வருது, எல்லாம் விவரமாகக் கேளு" என்றார்.

மகள் செல்லபாய்க்கு இது ஏழாம் மாசம். உங்களைக் கேட்டதாகச் சொன்னாள்.

சத்தியநேசன்


திருவனந்தபுரம்
14 டிசம்பர் 1953

லே நேசா,

அடுப்பில் போடவில்லை. வாசித்துவிட்டுப் போடலாம் என்று வைத்திருக்கேன்.

எனக்கு மறதி கிடையாது, அது உனக்குத் தெரியும். எனக்க மூத்தவள் கல்யாணத்தில் முதல் பந்தியில், ஜன்னலோரத்து இலையில் இருந்தாய். அவியல்வரை விளம்பியாச்சு. உனக்க மச்சினனை ரெண்டாம் பந்திக்கு நிறுத்தினார்கள் என்று கையை உதறிவிட்டு எழுந்து போனாயே. சோறு அப்படியே கிடந்தது. அந்த இலையைச் சம்பந்தக்காரர் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததை நான் பார்த்தேன். ஏழு வருசம் கழித்து எனக்கு எழுதத் தோன்றியிருக்கு, அதுவும் படம் கேட்டு. கொள்ளாம்.

ஆனாலும் குதிரைக்காரன் படம் என்றால் நான் சொல்லாமல் இருக்கமாட்டேன். எனக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. இந்தப் படத்துக்கு அது வேண்டாம். தொப்பியை வைக்கிற விதத்தில் ஆள் யோக்கியனா என்று தெரிந்துபோகும். நம்ம சனம் மாதிரி உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது.

ரெண்டு படம் சொல்லுதேன். இங்கிலீஷ் பேரைத் திரவியம் துண்டுத்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கான். எனக்கு அது வண்டிப்படமும் மூக்குவெள்ளைப் படமும்.

வண்டிப்படத்தில் ஒரு கூட்டம் குடும்பத்தோடு மாட்டுவண்டி கட்டிப் போகுது. தலையில் இறகு குத்தினவன் குதிரையில் வந்து மறிக்கான். கொட்டகையில் எல்லாரும் வண்டிக்காரனுக்குக் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஊர் அவனுக்க ஊர், இவர்கள்தானே கேளாமல் போகிறார்கள்? அதில் வெடி விட்டுவிட்டுத்தான் வரும்.

மூக்குவெள்ளைப் படம்தான் உங்களுக்குக் கொள்ளாம், அதுதான் பொருந்தும். அண்ணனைக் கொன்றவனைத் தேடி ஒருத்தன் மூக்கு வெள்ளையான குதிரையில் வாறான். முதலில் சீட்டு விளையாட்டு, நடுவில் ஒரு விதவைப் பெண்ணுக்க வீடு, மழை. கடைசி ரீல் தொடங்கி ஒரு கோழி ரோட்டைக் கடக்கும். கோழி போனதும் தொடங்கினால், லாயம் எரிந்து கூரை விழுகிறதுவரை நெல்லுப் பொரிகிறமாதிரி ஒரே வெடி. பக்கத்தில் பிள்ளை அழுதாலும் கேட்காது. உனக்க சாரிடம் அந்தக் கோழியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லு.

செல்லபாயை மேட்டில் சுள்ளி சுமக்க விடாதே.

ரத்னாபாய்


வித்துரா மேல் எஸ்டேட்
5 ஜனவரி 1954

அக்காளுக்கு,

நீங்க சொன்ன படம் வந்தது. எல்லாருக்கும் பிடித்தது. சார் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

அன்றைக்குப் படத்துக்கு வராமல் இருந்த ராஜையன் என்கிற ஆள் லயத்துக்குப் போகிற பாதையில் வெடிபட்டு இறந்துகிடந்தான். கூலிக்காரருக்குச் சங்கம் சேர்க்கத் தொடங்கியிருந்தவன். பன்றி வேட்டைக்கு வெளியிலிருந்து வந்த யாரோ தவறிச் சுட்டது என்று போலீஸ் எழுதிப் போனார்கள். படம் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை. செல்லபாய் சுகம்.

சத்தியநேசன்


திருவனந்தபுரம்
10 ஜனவரி 1954
(பிச்சம்மாள் கையில்)

நேசா,

இதைத் தபாலில் போடவில்லை. உனக்க உறையில் ரெண்டு பசை இருந்தது. ஒன்று நீ ஒட்டினது, காய்ந்து மஞ்சளாக. அதன்மேல் ஒன்று வெள்ளையாக. வித்துராச் சந்தையிலிருந்து ஏத்தவாழைக்குலை கொண்டு வாற பிச்சம்மாள் இங்கே ஆரியசாலைக் கடைத்தெருவில் எனக்குப் பழக்கம். அவள் கையில் கொடுத்துவிடுதேன். பதிலும் அவள் கையில்தான் வரணும்.

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ எழுதினதைத் திரும்பத்திரும்ப வாசித்தேன். வெடி எந்த ரீலில் என்று கேட்டது யாரு? எவ்வளவு நேரம் விடாமல் வருது என்று கேட்டது யாரு? படம் பார்க்கப்போகிறவன் கதை நல்லாயிருக்குமா என்றுதானே கேட்பான். இவன் சத்தத்தைக் கேட்டிருக்கான். நான் கிழவி, கோழியைக்கூட அடையாளம் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன். பிள்ளை அழுதாலும் கேட்காது என்று என் கையால் எழுதினேனே!

அந்த ராஜையனுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா? அன்றைக்கு நீ என்ன கண்டாய்? ஒன்றும் காணவில்லை என்று எழுதாதே. சின்னதில் மாங்காய் திருடிவிட்டு நீ இப்படித்தான் மொட்டையாகப் பேசுவாய்.

ரத்னாபாய்


16 ஜனவரி 1954
(பிச்சம்மாள் கையில்)

அக்கா,

நீங்க தபாலில் எழுதாதது கர்த்தருடைய கிருபை. வித்துராவிலிருந்து வருகிற தபால்பையும் இங்கிருந்து போகிறதும் சாருடைய அறையில்தான் பிரிபடுகிறது. இந்தக் காகிதத்தை வாசித்ததும் எரித்துவிடுங்க.

கண்டேன். கோழி வந்ததும் சார் எழுந்து பின்வாசல் வழியாகப் போனார். லாயம் எரிந்து கூரை விழுகிற நேரம் திரும்பி வந்து நாற்காலியில் இருந்தார். செருப்பெல்லாம் சேறு. மிஷீனுக்குப் பக்கத்தில் வெளிச்சம் கொஞ்சம் கசியும். நான் அந்தச் செருப்பைப் பார்த்தேன், பிறகு முகத்தைப் பார்த்தேன். அதுதான் பிசகு. மறுநாள் ஆபீசில் என்னைத் தனியாக நிறுத்தி, "நேசா, நேற்று நீ மிஷீனைப் பார்த்தியா, என்னைப் பார்த்தியா?" என்றார். மிஷீனை என்றேன். "மிஷீனையே பார்த்துக்கோ" என்று சொல்லித் தோளில் தட்டினார்.

போலீசிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவர்கள் சாருடைய வீட்டு வராந்தாவில் இருந்துதான் எங்களை விசாரித்தார்கள். ராஜையனுடைய பெண்டாட்டி முத்தாரம்மாள் வந்து காலில் விழுந்தபோது என்னால் தாங்கமுடியவில்லை. அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் அழுத அழுகையில் அதைப் பத்துப்பேர் கேட்டிருப்பார்கள். சாருக்கும் போயிருக்கிறது.

பிப்ரவரிப் படத்துக்கும் வெடி வேண்டுமாம். முன்னைவிடக் கூடுதலாக வேண்டுமாம். நாளைக்கு என்னை முன்னால் உட்கார்த்தி உங்களுக்குத் தபாலில் கேட்டு எழுதவைப்பார். இன்னொன்றும் சொன்னார். "மிஷீனை இந்தமுறை பின்வாசல்பக்கம் தள்ளிப் போடு, அம்மாமாருக்குச் சூடு அடிக்குது." பின்வாசலுக்கு வெளியே தேயிலைக்காடும் இருட்டும்தான். என் முதுகு அந்தப்பக்கம் இருக்கும், அக்கா.

ஓடிவிடலாம் என்றால் ராஜையனைக் கொன்றது நான்தான் என்று ஆக்கிவிடுவார்கள். செல்லபாயால் இந்த இறக்கத்தை நடந்து இறங்கமுடியாது. ராத்திரி நாய் குரைத்தால் அவள் என் கட்டிலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே பயந்து பேடிக்கிறாள்.

நேசன்


திருவனந்தபுரம்
21 ஜனவரி 1954
(தபாலில்)

பிரியமுள்ள தம்பிக்கு,

கடிதாசி கிடைத்தது. சாருக்கு மூக்குவெள்ளைப் படம் பிடித்ததில் ரொம்பச் சந்தோசம். படித்த மனுசர் நம்ம வாக்கைக் கேட்கிறது நமக்குப் பெருமையல்லவா. அந்தப் பாவப்பட்ட ஆள் வேட்டைக்காரன் கையால் போனான் என்று எழுதியிருந்தாய். விதி, என்ன செய்ய.

இந்தத் தடவைக்குக் கிணற்றுப்படம் என்று ஒன்று உண்டு. பேரு துண்டுத்தாளில் இருக்கு. அதுபோல வெடி நான் ஒரு படத்திலும் கேட்டது கிடையாது. அண்ணனும் தம்பியும் ஒரு கிணற்றுக்காக அடித்துக்கொள்கிற கதை. முதல் மூன்று ரீலும் பேச்சாகவே போகும், சாரை முசிந்து எழுந்துபோகாமல் இருக்கச் சொல்லு. கடைசி ரீலில் ரெண்டுபேரும் ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் வந்து உட்காருவார்கள். விளக்கைக் கொளுத்துவார்கள். அதுதான் அடையாளம். விளக்கு எரிந்தபிறகு நூறுவரை எண்ணலாம், பிறகு தொடங்கினால் படம் முடிகிறதுவரை நிற்காது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. எனக்குக் காது ரெண்டு நாள் அடைத்துப்போச்சு.

வேறே எதையும் வரவழைக்க வேண்டாம். இதுதான் நல்லது. சாருக்கு என் வந்தனம்.

ரத்னாபாய்


22 ஜனவரி 1954
(பிச்சம்மாள் கையில்)

நேசா,

தபாலில் வந்தது அவன் வாசிக்க. இது நீ வாசிக்க.

கிணற்றுப்படத்தில் கடைசி ரீலில் வெடியே கிடையாது. படம் முழுக்க ஒரே ஒரு வெடி, அது தொடக்கத்தில் பாம்பைச் சுடுகிறது. கடைசியில் அண்ணன் துப்பாக்கியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து தம்பிக்கு எதிரே உட்காருகிறான். விளக்கு எரியும். ரெண்டுபேரும் பேசமாட்டார்கள். பாட்டு கிடையாது, மேளம் கிடையாது. தம்பியின் துப்பாக்கி மேசைமேல் இருக்கும், சுடுவானா சுடுவானா என்று பார்த்துக்கொண்டே இருக்கணும். பொழுது விடியும், தம்பி எழுந்து போவான், படம் முடிந்தது. கொட்டகையில் சனம் கூவிப் பெஞ்சை உடைத்தது. நான் மட்டும்தான் அசையாமல் இருந்தேன்.

அவன் விளக்கைப் பார்த்ததும் எழுந்து பின்வாசலுக்குப் போவான். வெடிக்காகக் காத்து நிற்பான். வெடி வராது. அந்த அமைதியில் சுட்டால் மலை முழுக்கக் கேட்கும், அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சுடுவானா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை மக்கா. மனுசன் தொப்பியிலே தெரிந்துபோவான் என்று எழுதினேனே, இவன் தெரிந்துபோனது செருப்பிலே.

விளக்கு எரிந்ததும் நீ மிஷீனைவிட்டு விலகிச் சுவரோரம் போய் நில்லு. படம் முடிந்த நிமிசம் கிளப் லைட்டைப் போடு. ஒரு மூச்சுகூடத் தாமதிக்காதே, அவன் துப்பாக்கியோடு நிற்கிறதை எல்லாரும் காணணும். முத்தாரம்மாளிடம் சொல்லு, துணிக்குப் பின்னால் இருக்கிறவர்கள் கூவாமல் இருக்கணும்.

சின்ன துரையோ அம்மாமாரோ இந்தப் படத்தை முன்னமே பார்த்திருந்தால் எல்லாம் கெட்டது. டிப்போவில் யாராவது அவனிடம் வாய்விட்டாலும் கெட்டது. வேறே வழி தெரிந்தால் நீ சொல்லு.

ரத்னாபாய்


திருவனந்தபுரம்
7 பிப்ரவரி 1954, ஞாயிறு

நேசா,

கோயிலுக்குப் போகவில்லை. பிச்சம்மாள் இந்த வாரம் வரவில்லை. ஏன் வரவில்லை? அவளை அவர்கள் பிடித்துக்கொண்டார்களோ? அவள் வருகிறதுவரை இதை மடியில் வைத்திருப்பேன்.

வியாழக்கிழமை திரவியத்தை டிப்போவுக்கு அனுப்பினேன். எஸ்டேட் பெட்டி போய்விட்டது என்றார்கள். என்ன படம் போனது என்று கேட்டாயாலே என்றேன். கேட்கவில்லையாம். "கேட்டா சந்தேகப்படுவான்லா அம்மா" என்றான். அதுவும் சரிதான். ஆனால் பெட்டியில் இருந்தது கிணற்றுப்படம்தானா? டிப்போக்காரர் கேட்ட படம் இல்லையென்றால் கையில் கிடைத்ததை அனுப்புகிறவர்கள். நான் அதை முன்னமே யோசிக்கவில்லையே.

நேற்றுச் சாயங்காலம் வீட்டில் இருக்க முடியாமல் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் குதிரைக்காரன் படம். ஒவ்வொரு வெடியும் உனக்க முதுகில் விழுந்தது. விழுந்தவன் முகத்தையெல்லாம் பார்த்தேன், உன் முகமோ என்று. பக்கத்திலிருந்தவள் "என்னம்மா, சினிமாதானே, இதுக்கா இப்படி நடுங்குதீங்க?" என்றாள்.

உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுது.

ரத்னாபாய்


வித்துரா மேல் எஸ்டேட்
14 பிப்ரவரி 1954
(பிச்சம்மாள் கையில்)

அக்கா,

இருக்கிறேன். பிச்சம்மாளுக்குக் காய்ச்சல், வேறொன்றுமில்லை. போலீஸ் என்னைத் தினமும் துருவித்துருவிக் கேட்டதால் எழுத நேரமில்லாமல் போனது.

பெட்டியில் கிணற்றுப்படம்தான் இருந்தது. பாம்பைச் சுட்டதும் எனக்கு உயிர் வந்தது. கடைசி ரீலை மாட்டும்போது இருமுறை தவறியது. விளக்கு எரிந்தது. சார் எழுந்தார். என் பின்னால் கதவு திறந்ததும் குளிர்காற்று கழுத்தில் பட்டது.

விலகி நிற்கச் சொன்னீர்கள். முடியவில்லை அக்கா. அந்த மிஷீனில் பிலிம் அடிக்கடி வழுக்கும், விரல் வைத்துப் பிடிக்காவிட்டால் அறுந்து நின்றுவிடும். படம் நின்றால் துரை சத்தம்போடுவார், பேச்சு கிளம்பும். அமைதி போய்விடும் என்று நின்றேன்.

நீங்க சொன்னதைவிட அமைதியாக இருந்தது. மிஷீனின் கிறுகிறுப்பு மட்டும். துணிக்குப் பின்னால் அவ்வளவு சனம், ஒரு பிள்ளைகூடச் சிணுங்கவில்லை. அண்ணன் பார்க்கிறான், தம்பி பார்க்கிறான். நான் நூறு எண்ணினேன். அப்புறமும் எண்ணினேன். என் பின்னால் ஒருவர் மூச்சுவிடுவது கேட்டது. பிறகு டக்கென்று இரும்பு மடங்கும் சத்தம். துப்பாக்கியைத் தயார்செய்கிற சத்தம். அது எனக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் கேட்டது. படத்தில் யாரும் துப்பாக்கியைத் தொடவில்லையே! முன்வரிசையில் பெரிய துரைசானி அம்மா திரும்பிப் பார்த்தார்கள். பொழுது விடிகிறதுவரை நான் காத்திருக்கவில்லை. லைட்டைப் போட்டேன்.

சார் பின்வாசற்படியில் நின்றார், என்னிலிருந்து நாலடி. பன்றித் துப்பாக்கி, குழல் என் பக்கம். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார்.

பெரிய துரை எழுந்து "என்ன இது?" என்றார். "பன்றி சார், பின்னால் பன்றி" என்றார் அழகியநம்பி சார். "பின்னாலா? நீ பார்ப்பது முன்னால் அல்லவா?" என்றார் துரை. அதற்குள் துணி ஆடியது. முத்தாரம்மாள் துணியைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தாள். அவள் பின்னால் லயத்துச் சனம் அத்தனையும் வந்தது. கிளப்பின் உள்ளே அவர்கள் கால்வைத்தது அதுதான் முதல்முறை. யாரும் கை ஓங்கவில்லை. அவரைச் சுற்றி நின்றார்கள். துப்பாக்கியைத் துரையே வாங்கினார்.

ராஜையனுக்கு விழுந்ததும் இதே துப்பாக்கியின் தோட்டாதான் என்று திருவனந்தபுரத்திலிருந்து வந்த புது இன்ஸ்பெக்டர் சொல்கிறார். கேஸ் எழுதியாயிற்று. ஆனால் ஒரு கண்டிராக்டர் ஜாமீன் கொடுத்து நேற்று சார் வெளியே வந்துவிட்டார். வேலையில் இல்லை. வித்துரா தபாலாபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். செல்லபாய்க்கு மருந்து வாங்கப் போன என்னைப் பார்த்துச் சிரித்தார். "நேசா, அடுத்தமாசத்துக்கு உங்க அக்காள் என்ன படம் சொல்லுதாங்க?" என்றார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் துப்பாக்கிச் சத்தமே தேவலை. கோர்ட்டில் வெடி நேரத்தை அவர் முன்கூட்டிக் கேட்டார் என்று யார் சொல்வது? நான் சொன்னால் கூட்டாளி என்பார்கள். நீங்க சாட்சி சொல்லப்போவதாகத் தெரிந்தால் உங்களைத் தேடி வருவார். உங்க பேரை நான் இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

நேசன்


திருவனந்தபுரம்
19 பிப்ரவரி 1954
(தபால் கார்டு)

லே நேசா,

கார்டில்தான் எழுதுதேன். வித்துரா தபாலாபீஸ் வராந்தாவில் இருக்கிறவரும் சிரமப்படாமல் வாசிக்கட்டும். இனி பசை வேண்டாம்.

எனக்க பேரை இன்ஸ்பெக்டரிடம் சொல்லு. எனக்க வீடு எங்கே என்று சொல்லு. நீ சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நானே போலீஸ் கச்சேரிக்குப் போய்ச் சொல்லுவேன். டிசம்பரில் நீ எழுதினதும் ஜனவரியில் அவர் எழுதவைத்ததும் என்னிடம் இருக்கு. அது இல்லாவிட்டாலும் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். ஜட்ஜிக்கு முன்னால் நின்று மூக்குவெள்ளைப் படத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லுவேன், கோழி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுவரை. வக்கீல்மார் சிரிப்பார்கள், இங்கிலீஷ் தெரியாத கிழவி படக்கதை சொல்லுதாள் என்று. சிரிக்கட்டும்.

திரவியம் வேண்டாம் என்று காலைப் பிடிக்கான். நேற்றிலிருந்து ரெண்டு ஆட்கள் கொட்டகை வாசலில் டிக்கெட் வாங்காமல் நிற்காங்களாம். ராத்திரி கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுக்குதேன். உறக்கம் கிடையாது. இந்த எழுத்து கோணலாக இருப்பது எதனால் என்று நீ கேட்கவேண்டாம்.

எனக்குப் பேடிதான். அதையும் அவர் வாசிக்கட்டும். பேடித்துக்கொண்டே வருவேன்.

ரத்னாபாய்